பிடுங்கிய பூவரசங்கொப்பு

மகள் தாச்சியிலிருந்து முதல் கீரைவடையை எடுத்துத் தட்டில் வைத்தாள். எண்ணெயில் பொரிந்த கீரையின் மணம் வந்ததும் நினைவில் சண்டிலிப்பாய் வீட்டுக் குசினி அடுப்படிக்குப் போய்விட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

புகையிலைக்குப் பூச்சிமருந்தடித்தால், அப்பா தோட்டத்து மூலையில் ஒரு பூவரசங்கொப்பை நட்டுவிடுவார். அது நிற்கும்வரை அந்த வரம்பில் யாரும் கீரை பிடுங்குவதில்லை. அன்று காலை ஆட்டுக்குக் குழை போதாமல், அப்பா விடியற்காலையில் நட்ட அந்தக் கொப்பை நான் பிடுங்கிவந்திருந்தேன்.

பின்னேரம் அம்மா தட்டு நிறைய வடையோடு வந்தார்.

“கீரை எங்கை பிடுங்கினனீங்கள்?” என்றேன்.

“புகையிலை வரம்பிலை. கொப்பைக் காணேல்லை. உங்கடை அப்பாவுக்கு இண்டைக்கு மருந்தடிக்கப் பஞ்சியாக்கும், அடிக்கேல்லைப் போலை.”

சொன்னால் அடி விழும். தங்கை ஒரு வடையைக் கடித்தாள். அதன் பிறகுதான் அவள் கையைத் தட்டினேன்.

“துப்படி! கொப்பை நான்தான் ஆட்டுக்குப் பிடுங்கினனான்.”

அம்மா தங்கையின் வாய்க்குள் விரலை விட்டு மிச்சமில்லாமல் வழித்தெடுத்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்தார்.

“பொரிக்கேக்கை நான் ரெண்டு திண்டிட்டன்,” என்றார்.

அப்பா அவரைச் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். மறுநாள் வீடு திரும்பிய அம்மா என்னை அடிக்கவில்லை. “ஆட்டுக்குக் குழை போட்டனியோ?” என்று மட்டும் கேட்டார்.

“என்னம்மா பாத்துக்கொண்டிருக்கிறியள்? சாப்பிடுங்கோ,” என்றாள் மகள்.

“நீ ருசி பாத்திட்டியோ?”

“இன்னும் இல்லை.”

“அப்ப பொறு,” என்று சொல்லி முதல் வடையை நான் எடுத்தேன்.