இல்லாத தழும்பு

பிள்ளைகளே, உங்கள் அப்பா ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டவன். இதை வேறு யார் வாயாலும் நீங்கள் கேட்கக் கூடாது.

முட்டி வலிக்கு இலவச ஸ்கேன் என்று திருவொற்றியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி முகாம் போட்டது. நானும் மாடி வீட்டு அக்காவும் போனோம். அரசு காப்பீட்டு அட்டையை வாங்கிக்கொண்டு, கட்டிலில் படுக்கவைத்து, கையில் குளுக்கோஸ் குழாயை ஒட்டிப் போட்டோ எடுத்தார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சாயங்காலமே திரும்பிவிட்டோம்.

சில மாதம் கழித்து அக்காவுக்குப் பித்தப்பையில் கல். அட்டையைக் காட்டினால், இந்த வருஷத்துக்கான காப்பீட்டுப் பணம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றார்கள். அவர் காய்ச்சலுக்குப் பத்து நாள் தீவிர சிகிச்சை எடுத்ததாக அதே ஆஸ்பத்திரி எழுதியிருந்தது. எனக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்ததாகவும்! அக்கா புகார் கொடுத்தார்.

காப்பீட்டு மோசடியை விசாரிக்கும் அதிகாரி வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரி ஆள் வந்துவிட்டான். “அட்டைய குட்த்தது நீதான நைனா? மாட்னா நீயும் உள்ள போவ. ஆபரேசன் ஆச்சுன்னு சொல்லிடு.”

அதிகாரி ஒரு அம்மா. வாசலிலேயே நின்றார்.

“நீங்க சொன்னாதான் உள்ள வருவேன். ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரை நான் கேட்டு வாங்கலாம். உங்களை அரெஸ்ட் பண்ண எனக்கு அதிகாரம் இல்ல, பயப்படாதீங்க. ஆபரேஷன் நடந்துச்சா?”

“நடந்துச்சு மேடம்.”

“தழும்பைக் காட்ட முடியுமா? கட்டாயப்படுத்த மாட்டேன்.”

படிக்கட்டில் நின்ற அக்கா கத்தினார்: “காய்ச்சலுக்குத் தழும்பு ஏது தம்பி? உன் வவுறுதான் சாட்சி. காட்டேன், உள்ள இன்னா புதையலா கீது?”

நான் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். “காட்ட மாட்டேன் மேடம்.”

அந்த அம்மா நான் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். “மனசு மாறினா எழுதிக் குடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஏழை வீட்டுக்குள் யாரும் அடாவடியாக நுழையக் கூடாது என்றுதானே அவருக்கு அந்த வரம்பு? அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். புகாருக்கு ஆதாரமில்லை என்று மூடிவிட்டார்கள். அக்கா பொய்க்காரியானார், அரசு ஆஸ்பத்திரி வரிசையில் மாதக்கணக்கில் வலியோடு காத்திருந்தார்.

நேற்றுதான் உண்மையை எழுதிக் கொடுத்தேன். மாடிக்குப் போய்ச் சொன்னேன். அக்கா துணி காயப்போடுவதை நிறுத்தவில்லை.

“நான் வலில உருண்டுகினு கெடந்தப்ப எங்க போச்சு இந்த வாயி?”