ஏழாயிரம்பண்ணைக்கு வந்த உலக அழகிகள்

புதன்கிழமை காலை ஆறேகால் மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன். அறுபத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். விருதுநகருக்கு நேர் வண்டி அரைமணியில் வரும் என்றார்கள். எனக்குக் காத்திருந்து பழக்கமில்லை, காரியாபட்டி சுற்றிப் போகும் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். காலுக்கடியில் யாருடையதோ வெங்காயக் கூடை, மடியில் என் துணிப்பை. பைக்குள் இரண்டு வேட்டி, ஒரு சட்டை, இருபத்தேழு நாட்டு அழகிகள்.

பம்பாய்த் துறைமுகத்து வாசலில் பழைய பேப்பர் விற்பவனிடம் வாங்கிய வெளிநாட்டுப் பத்திரிகை அது. உலக அழகிப் போட்டிக்கு வந்த பெண்களை நடுப்பக்கம் முழுக்க வரிசையாக நிறுத்திப் படம் பிடித்திருந்தார்கள். எல்லோருக்கும் நீச்சல் உடை. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக ஒரு பட்டை, பட்டையில் நாட்டின் பெயர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டி ஸ்வீடன், பெரு, சிலோன் வரைக்கும் படித்து வைத்திருந்தேன். அடுத்த பக்கத்தில் ஜெயித்தவளுக்குக் கிரீடம் வைக்கிற படம்.

பத்திரிகையை எடுத்து மடியில் விரித்ததும் பக்கத்தில் இருந்த காரியாபட்டி சம்சாரி எட்டிப் பார்த்தார்.

"யாரு இவுகல்லாம்?"

"நாட்டுக்கு ஒரு அழகான பொண்ணாப் பொறுக்கி, எல்லாரையும் ஒரே எடத்துல நிறுத்தி, அதுல யாரு அழகுன்னு பாப்பாங்க."

"பாத்து?"

"கிரீடம் வைப்பாங்க."

"பொறவு?"

"அம்புட்டுத்தான்."

அவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தார். "மாட்டச் சந்தையில நிறுத்திப் பாத்தாலும் யாராச்சும் ஓட்டிட்டுப் போவாக" என்று சொல்லிவிட்டுக் காரியாபட்டியில் இறங்கிக்கொண்டார்.

சூலக்கரை மேட்டில் மரமே கிடையாது. அதைத் தாண்டினால் விருதுநகர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். மிளகாய் வற்றல் கிட்டங்கி, செக்கெண்ணெய், பருப்புத் தூசி. தும்மிக்கொண்டே இறங்கி, ஒரு கடையில் நான்கு இட்லி தின்று, சிவகாசி வண்டியைப் பிடித்தேன். பதினாறு மைல். போய்ச் சேரும்போது உச்சி வெயில்.

நான் போனது மாரிமுத்துவைப் பார்க்க. சிவகாசியில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில், அவன் வேலை பார்க்கும் அச்சாபீஸில் காகிதக் கட்டுகளின் மேல்தான் படுப்பேன். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள் படங்களை அவன் அச்சுக்கல்லில் வரைவான். மயில், கிளி, தாமரை, எல்லாம் பழைய லேபிளைப் பார்த்து வரைகிறவைதான். சொந்தமாக ஒரு படம் வரைந்து அது மத்தாப்புப் பெட்டியில் ஏற வேண்டும் என்று ஆசை. இந்த சீசனுக்கும் ஏறவில்லையென்றால் என்னோடு பம்பாய்க்கு வந்து சினிமா பேனர் எழுதுவதாகச் சொல்லியிருந்தான். அவன் மனைவி சீனியம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றிரண்டு வருஷமாகத் தனியே சுற்றுவது எனக்குச் சலித்துப்போயிருந்தது. அழகிகளை நான் சுமந்துபோனது, லேபிளுக்குப் பார்த்து வரையப் புதுசாக ஏதாவது படம் வேண்டும் என்று அவன் கேட்டதற்காக. அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதாகச் சொல்ல மாட்டேன்.

அச்சாபீஸ் முதலாளி பத்திரிகையை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்ல லட்சணமான பிள்ளைகதான். ஆனா மொதத் தாள அம்மன் படத்துக்கு முன்னால வச்சுப் பூசை போடணுமே மாரிமுத்து. இந்தக் கோலத்துல எப்படிப்பா வைக்கிறது?"

அந்த அச்சாபீஸில் எந்த லேபிளானாலும் முதல் தாள் அம்மனுக்குத்தான். எனவே மாரிமுத்து அவர்களுக்குச் சேலை கட்டிவிட்டான். வியாழக்கிழமை முழுவதும் அதே வேலை. இருபத்தேழில் ஐந்து பேரைப் பொறுக்கினான். ஸ்வீடன்காரிக்குச் சுங்குடி, பெருக்காரிக்கு வாடாமல்லி நிறத்தில் பட்டு. கிரீடக்காரிக்கு ஜரிகை. சிலோன்காரிக்குக் கிளிப்பச்சை. ஐந்தாவது பெண், கிரீடம் வைக்கிற படத்தில் பின்னால் நின்று கை தட்டிக்கொண்டிருந்தவள். பட்டை மடங்கிக் கிடந்ததால் எந்த நாடென்று தெரியவில்லை. அவளுக்குக் கண்டாங்கி. எல்லோருக்கும் குங்குமம். குறுக்குப் பட்டையை மட்டும் எடுக்கவில்லை.

"அதையும் எடுத்துட்டா இவுக உலக அழகின்னு எப்படிண்ணே தெரியும்?" என்றான்.

முதலாளிக்கு இன்னொரு பழக்கம் உண்டு. புது லேபிள் எதுவானாலும், ஏழாயிரம்பண்ணையில் அவருக்கே இருந்த பட்டாசுத் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டுகிற பெண்களிடம் காட்டாமல் முடிவு செய்ய மாட்டார். நாளெல்லாம் லேபிளையே பார்க்கிறவர்களுக்குப் பிடித்தால் கடையிலும் நிற்கும் என்பது அவர் எண்ணம். சீனியம்மாளும் அங்கேதான் ஒட்டுகிறாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் மாரிமுத்துவும் கம்பெனி வேனில் கிளம்பினோம். பன்னிரண்டு மைல் இருக்கும். இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல், நடுநடுவே தனித்தனியாகத் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். வெடித்தால் ஒன்றோடு போகட்டும் என்று அப்படிக் கட்டுகிறார்கள். வாசலில் காவல்காரர் என் பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டார். செருப்பும் கூடாதாம்; எனக்கு அது ஏற்கெனவே இல்லை.

ஒட்டுகிற கொட்டகை மருந்து அறைகளிலிருந்து எட்டத்தில் இருந்தது. பதினைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவதால் எல்லோர் விரலிலும் லேசாக நீலம். மாரிமுத்து கையால் வண்ணம் தீட்டிய மாதிரிகளை நடுவில் பரப்பினான். மூத்தவளான பேச்சியம்மாள் ஒன்றை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏத்தா, இங்க பாரு. பொம்பளையாளுக டவாலி போட்டிருக்காக."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. தாலுகா ஆபீசில் தாசில்தாருக்கு முன்னால் நடக்கிற சேவகன் மார்பில் குறுக்கே ஒரு பட்டை போட்டிருப்பானே, அந்த டவாலி. அவர்கள் பார்த்திருந்த குறுக்குப் பட்டை அது ஒன்றுதான்.

"பட்டுச் சேலை கட்டிக்கிட்டு டவாலி வேலைக்கா போறாக?"

"டவாலியே இம்புட்டு அழகுன்னா தாசில்தாரம்மா எப்படி இருப்பாகளோ!"

மாரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் உலக அழகிப் போட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். பாதிதான் காதில் வாங்கினார்கள்.

"இவளுக்கு மட்டும் எதுக்குக் கிரீடம்?"

"அவ செயிச்சவ."

"நாடகத்துல ராணி வேசம் கட்டினவ கணக்கா இருக்கா. இது யாரு, கை தட்டிக்கிட்டு?"

"தோத்தவ."

சிரிப்பு நின்றது. "தோத்துட்டுமா கை தட்டுதா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"அங்க அதுதான் வழக்கம்."

அவள் விரலைச் சேலையில் துடைத்துவிட்டு அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டாள். "மொகத்துல கடுப்பே இல்லையே. இவ வேணும்னா நம்மகூட உக்காந்து ஒட்டுவா. ஏ சீனி, நீ என்ன சொல்லுத?"

மூலையில் இருந்த சீனியம்மாள் அதுவரை தலை நிமிரவில்லை. "நான் சொன்னா எம் புருசனுக்காகச் சொன்னேம்பீக. நீங்களே சொல்லுங்க" என்றாள். ஆனால் அவள் கையிலிருந்த பெட்டியில் லேபிள் கோணலாக ஒட்டியிருந்தது.

பேச்சியம்மாள் கண்டாங்கிக்காரியைப் பெட்டியில் ஒட்டி எல்லோரும் பார்க்க நடுவில் வைத்தாள். "டவாலி அக்கா" என்று யாரோ பெயரும் வைத்துவிட்டார்கள்.

மத்தியானம் அச்சாபீஸுக்குத் திரும்பியதும் முதலாளி கேட்டார். "என்னடா சொன்னாக?"

"டவாலி அக்கான்னு சிரிக்காக, முதலாளி." மாரிமுத்து மாதிரித் தாள்களைச் சுருட்டத் தொடங்கினான்.

"சிரிச்சாகளா? நீங்க கெளம்பின பொறவும் அதையே பேசுவாகளா?"

"பேசுவாங்க" என்று நான் சொன்னேன். இல்லை என்று பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அப்பப் போட்டுரு. பேரும் அதேதான். டவாலி அக்கா கம்பி மத்தாப்பு."

சாயங்காலம் முதல் தாளை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டினார்கள். எந்தக் குளிர் தேசத்திலோ தோற்றுப்போன ஒரு பெண், கண்டாங்கியும் குங்குமமுமாக, சிவகாசி அம்மனைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தாள். மாரிமுத்து திருநீறு பூசிக்கொள்ள மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். சீனியம்மாள் ஒரு பொட்டலம் காராச்சேவு கொடுத்தாள்.

"ஒத்தையிலயா போறீக அண்ணாச்சி?"

"எப்பவும் போறதுதானே."

"எங்க மேல கோவமா?"

இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. போகிற இடங்களில் இவர்களைப்போல இரண்டு பேர் பஸ்ஸடியில் வந்து நின்றால் அதை ஊர் என்று கணக்கு வைத்துக்கொள்வேன். அப்படிப் பார்த்தால் மாரிமுத்து அங்கேயே இருப்பதுதான் எனக்கும் நல்லது. இது பஸ் கிளம்பிய பிறகுதான் தோன்றியது. ஜன்னல் வழியாக இரண்டு கையையும் வெளியே நீட்டி, அவர்களைப் பார்த்து நன்றாகத் தட்டினேன். சீனியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "கை தட்டினா வண்டி நிக்காது அண்ணாச்சி. எறங்கணுமா?"

"வேண்டாம், போகட்டும்" என்றேன்.