மதீனா வறுத்த ஈரல்

கம்பம் பள்ளத்தாக்கிலேயே ஈரல் வறுக்கத் தெரிந்தவள் மதீனா ஒருத்திதான். அவள் வாணலியை அடுப்பில் ஏற்றினால் குமுளி மலையிலிருந்து புலி இறங்கி வந்து வாசலில் உட்காரும். சரி, புலி கொஞ்சம் கூடுதல்தான். பக்கத்து வீட்டுப் பூனை வந்தது, அது சத்தியம்.

இருபத்து மூன்று வயதில் கணவனை இழந்து அண்ணன் நத்தர்ஷா வீட்டுக்குத் திரும்பியவள். திராட்சைத் தோட்டக்காரர் வீடு. சாவிக்கொத்து அண்ணன் மனைவி ரெஹானாவின் இடுப்பில். மதீனாவுக்கென்று இருந்தது ஒன்றுதான். பக்ரீத் அன்று ஆடு அறுத்துக் குர்பானி கொடுக்கும்வரை அண்ணன் எதுவும் சாப்பிடமாட்டார். முதல் வாய் ஈரல்தான். அதை வறுத்துக் கொடுப்பவள் மதீனா. பதினெட்டு வருஷமாக அந்தத் தட்டை வேறு கை தொட்டதில்லை.

2003 பக்ரீத்துக்கு, சோற்று உலையோடு நின்ற ரெஹானாவுக்குப் பக்கத்தில், இரண்டு மாதம் முன்பு அண்ணன் மகனைக் கட்டி வந்த மருமகள் சாதியாவும் அடுப்படியில் நின்றாள். கோட்டயத்தில் நர்ஸ் படிப்பு முடித்தவள். மதீனா ஈரலைத் துண்டு போடப் போட, அவள் வாய் ஓயவில்லை.

“மாமி, இதுக்கு மலையாளத்துல கரள். பாரசீகத்துல ஜிகர், சமஸ்கிருதத்துல யக்ருத். ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதேன்னு எங்க டீச்சர் சொன்னாக. கிரேக்கத்துல ஹேபார். டாக்டருமாரு ஹெபடைட்டிஸ்னு எழுதுறாகளே, அது இதுலருந்து வந்ததுதேன்.”

பசியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்த நத்தர்ஷா எழுந்து வந்து கதவோரம் நின்றுவிட்டார். “பிரெஞ்சுக்காரன் என்னங்கிறான்த்தா?”

“ஃபுவா, மாமா. அந்தக் காலத்து ரோமாக்காரங்க அத்திப்பழம் ஊட்டி வாத்தக் கொழுக்க வச்சு, அதோட ஈரலத் தின்பாகளாம். போகப் போக அந்தப் பழத்துப் பேரே ஈரலுக்கு நின்னுபோச்சு.”

“அப்ப நம்ம தோட்டத்துல மேயுற ஆட்டு ஈரலுக்குத் திராட்சைனு பேரு வையி!” அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளாவது இந்தக் கதவோரம் நின்று சிரித்திருப்பாரா? மதீனா ஈரலை வாணலியில் கொட்டிவிட்டுத் திரும்பினாள்.

“நாஞ் சொல்றதக் கேளுண்ணே. ஆதியில ஈரல் எலும்பாட்டம் காஞ்சு கெடந்துச்சு. சுருளி அருவியில ஒரு ஆடு தவறி விழுந்து, உள்ள நனைஞ்சது இன்னும் காயல. அந்த ஈரந்தேன் ஈரல்.”

“போ மதீனா, கத விடாத.” மறுபடி மருமகள் பக்கம் திரும்பினார். “அரபியில என்ன?”

“கபித்.”

மதீனாவின் கை உப்பு டப்பாவைத் தேடியது. ஈரலுக்கு உப்பு கடைசியில்தான் போட வேண்டும், முதலில் போட்டால் விறைத்துவிடும். தெருவுக்கே இதைச் சொல்லிக் கொடுத்தவள் அவள். இன்றைக்கு ஈரல் நிறம் மாறும் முன்பே உப்பு விழுந்தது.

தட்டை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அண்ணன் மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

“என்ன மதீனா, செருப்பு வாராட்டம் இருக்கு?”

“புது மருமக கை பட்டுச்சுல்ல. ஈரலுக்கு ஏழு பாஷையில பேரு தெரியும், உப்பு எப்பப் போடணும்னு தெரியாது. அவ பேச்ச நா காதுலகூட வாங்கல. எம்பாட்டுக்கு வேலையப் பாத்தேன்.”

சாதியா தலை குனிந்து நின்றாள். நத்தர்ஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

சோறு வடித்துக்கொண்டிருந்த ரெஹானா திரும்பாமலே சொன்னாள்: “அந்தப் பிள்ள வாணலியத் தொடவே இல்ல. உப்புப் போட்டது நீதேன். அவ ஃபுவான்னு சொன்னப்ப, ‘ம்ம், அப்புறம்’னு கேட்டதும் நீதேன் மதீனா.”