குழாய் பிடிப்பவளின் குடம்

எங்கள் கொச்சங்காடித் தெருவில் இன்று தண்ணீர் லாரியின் ஹார்ன் கேட்டதும், பழைய பயத்தோடு குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

என் சின்ன வயதில் எங்கள் தெருப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்துதான் லாரியை வரவழைத்தார்கள். முறை வைத்துக் குழாய் பிடிப்பார்கள். பிடிப்பவளுக்குக் கடைசியில்தான் தண்ணீர். ஒரு நாள் அம்மாவின் முறை. வீட்டில் தம்பி வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தான், குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாயில் வரத்து மெலிந்துகொண்டே வந்தது. அப்போதும் அம்மா தன் குடத்தை முன்னே நகர்த்தவில்லை.

வரிசையில் அடுத்து நின்ற, தெருவுக்கே அக்காவான கதீஜா இத்தா தன் குடத்தைக் குழாயடியிலிருந்து இழுத்துவிட்டு எங்களுடையதை வைத்தார்.

"சட்டம் அங்க கிடக்கட்டும் ராஜம்."

"அப்போ உங்க வீட்டுக்கு, இத்தா?"

"இன்னைக்குக் கஞ்சி வேண்டாம். கப்பைக் கிழங்கைச் சுட்டுத் தின்னா மதி, அது போதும்."

எங்கள் குடம் பாதி நிறைந்தபோதே லாரி காலியானது. தம்பி பிழைத்தான்.

அடுத்த லாரிக்கு இத்தா குழாய் பிடித்தார். அவர் தடுக்கத் தடுக்க, அவர் குடத்தையே அம்மா முதலில் வைத்தாள். மற்றப் பெண்கள் தங்கள் குடங்களைப் பின்னுக்கு இழுத்து இடம் விட்டார்கள்.