ரூமானா சொந்தக் குரலில் பேசிய படம்

2013 ஆகஸ்ட் 22. புடவைக்கடைப் பேனர், சிதம்பரம். ரூ. 1,500.
2014 டிசம்பர் 5. நகைக்கடை காலண்டர், கடலூர். ரூ. 4,000.
2016 ஜூன் 18. ஃபேஷன் ஷோ, சென்னை. ரூ. 7,000.
2018 ஜனவரி 29. முதல் படம். ரூ. 6,000.
2019 அக்டோபர் 10. இரண்டாவது படம். ரூ. 20,000.
2021 பிப்ரவரி 2. மூன்றாவது படம், பிச்சாவரம். முன்பணம் ரூ. 25,000.

கடலூர் முதுநகர் ஹபிபுல்லாவின் மூத்த மகள் ரூமானா கேமராவுக்கு முன்னால் நின்ற காலம் முழுவதும் இந்த ஆறு வரிகளுக்குள் அடங்கிவிடும்.

சிதம்பரத்தில் பி.காம். படித்துக்கொண்டிருந்தபோது தோழியோடு கீழவீதியில் ஒரு கடைக்குப் புடவை எடுக்கப் போனாள். கடை முதலாளி அவள் உயரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பட்டுப்புடவையைத் தோளில் போட்டுப் படம் எடுக்கச் சொன்னார். பத்தே நாளில் பேனர் கட்டிவிட்டார்கள். துறைமுகத்தருகே வலையும் கயிறும் விற்றுவந்த ஹபிபுல்லா, வேலையாகச் சிதம்பரம் போகும்போதெல்லாம் அந்தப் பேனர் இறங்கும்வரை சந்து சந்தாகச் சுற்றிப் போனார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாய் சலீமா பீவிதான் கேட்டாள்.

"முக்காடு இல்லாம நின்ன, சரி. அந்தப் புடவையையாச்சும் குடுத்தானா?"

"இல்ல உம்மா."

"அப்ப என்னத்துக்குடி நின்ன?"

படிப்பு முடிந்ததும் சென்னைக்குப் போனாள். ஃபேஷன் ஷோவில் முகத்தில் எதுவும் தெரியாமல் நடக்க வேண்டும் என்றார்கள், நடந்தாள். அங்கே பார்த்த ஒருவர் சினிமாவுக்குக் கூப்பிட்டார். முதல் படத்தில் கதாநாயகனோடு அலுவலகத்தில் வேலை செய்யும் பெண், இரண்டாவதில் கதாநாயகியின் தோழி. இரண்டிலும் வாயசைத்தது அவள். குரல் கொடுத்தது யாரோ.

இரண்டாவது படத்தைப் பார்க்கத் தங்கை ஷஹனாஸைக் கடலூரில் ஒரு தியேட்டருக்கு அழைத்துப் போனாள். திரையில் ரூமானா வாயைத் திறந்ததும் ஷஹனாஸ் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ராத்தா, ஒனக்குள்ள யாரு உக்காந்துக்கிட்டுப் பேசுறது?"

ரூமானாவும் சிரித்தாள். வீடு வந்து சேர்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அதனால்தான் செம்பியன் என்ற புது இயக்குநர் வந்து கேட்டபோது, முழுக் கதையைக் கேட்கும் முன்பே ஒத்துக்கொண்டாள். கடலுக்குப் போன கணவன் திரும்பி வராத ஒரு பெண்ணின் கதை. ஒப்பனை கிடையாது, நகை கிடையாது. "டப்பிங்கும் கிடையாதுங்க. ஒங்க ஊர்ல எப்பிடிப் பேசுவீங்களோ, அதையே அப்பிடியே பேசுங்க" என்றார் செம்பியன். தன்னை முழுசாக நாலு பேர் பார்க்கவும் கேட்கவும் போகிற ஒரே படம் இதுதான் என்று ரூமானாவுக்குத் தோன்றிவிட்டது.

பிச்சாவரத்தில் பிப்ரவரி மூன்றாம் தேதி தொடங்கினார்கள். தினமும் படப்பிடிப்பு முடிந்ததும் உதவி இயக்குநர் ரேகா அவள் முகத்தையும் புடவையையும் கைகளையும் போட்டோ எடுத்து வைப்பாள். இன்று பாதி எடுத்த காட்சியை இன்னொரு நாள் தொடரும்போது, எதுவும் மாறியிருக்கக் கூடாது. இறால் உரிக்கும் காட்சி பாதியில் நின்றிருந்த சமயம் பத்து நாள் இடைவெளி விட்டார்கள். ஷஹனாஸின் நிக்காஹ் பதினான்காம் தேதி, அந்த இடைவெளியில்தான் வந்தது.

"ஊருக்குப் போயிட்டு இதே கையோட வாங்க அக்கா. ஒரு பொட்டு கூட மாறக் கூடாது" என்று ரேகா சொல்லி அனுப்பினாள்.

நிக்காஹுக்கு முதல்நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வீடு நிறையப் பெண்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். மணப்பெண்ணுக்குச் சித்தி மருதாணி வைத்து முடித்ததும் அடுத்த கை அக்காளுடையதுதான். ரூமானா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேணாம் சாச்சி. ஷூட்டிங் பாதியில நிக்குது."

"கல்யாண வூட்டுல மூத்தவ வெறுங்கையோட நிப்பாளா? என்னா புள்ள இது!"

மாப்பிள்ளையின் தாயார் பக்கத்தில் இருந்தவளிடம், எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "தங்கச்சிக்கு மொதல்ல ஆவுதேன்னு மனசுல இருக்கும்ல. பாவம்."

ஷஹனாஸின் முகம் மாறிவிட்டது. மருதாணி காயாத கையைத் தூக்கிப் பிடித்தபடி அருகே வந்தாள். "ஒரே ஒரு வெரல்ல வெச்சுக்க ராத்தா. இவுங்க வாயி அடங்கட்டும்."

ரூமானா தலையாட்டி மறுத்தாள். மூன்று வாரத்துக்குப் போகாத சிவப்பு. அந்த விதவையின் கையில் அது இருந்தால் படமே பொய்யாகிவிடும் என்று சொல்ல நினைத்தாள். கல்யாண வீட்டில் விதவை என்ற சொல்லை எப்படி எடுப்பது?

"சரி. எனக்காவ வெக்காத கையி அந்தப் படத்துல எப்பிடி இருக்குன்னு பாத்துட்டு அப்பறமா பேசுறேன்" என்றாள் ஷஹனாஸ். சொன்னபடியே அன்றோடு அக்காவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மறுபடி பிச்சாவரம் போனபோது ரேகாவிடம் கைகளை நீட்டிக் காட்டினாள். செம்பியன் எட்டிப் பார்த்து, "கல்யாணத்துல மருதாணி வெச்சுக்கலியா? வெச்சிருக்கலாமே! கை குளோசப் எல்லாம் அப்பவே முடிஞ்சிருச்சு. பாக்கி எல்லாம் தூரத்துல இருந்து எடுக்குறதுதான்" என்றார். ரேகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரூமானா இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

படம் முடிந்தது, வெளியே வரவில்லை. தயாரிப்பாளர் பக்கிரி, சிதம்பரத்துக்கு வெளியே அரிசி ஆலை வைத்திருப்பவர். போனில் பிடிகொடுக்க மாட்டார். "கடுதாசின்னா கையில இருக்கும். போன்ல பேசுறது காத்தோட போயிடும்" என்பார். ஆலையின் பெயர் அச்சிட்ட தாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. பொங்கலுக்கு வெளியாகும் என்றது முதல் கடிதம். வாங்க ஆளில்லை என்றது அடுத்தது.

இடையில் ஹபிபுல்லா இறந்துபோனார். சலீமா பீவி சின்ன மகளோடு பரங்கிப்பேட்டைக்குப் போய்விட்டாள். ரூமானா சிப்காட்டில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் பில் போடும் வேலையில் சேர்ந்தாள். மாலையில் குடிகாடு வழியாக வரும் பஸ்ஸில் திரும்பி, பூட்டைத் திறந்து, ஒரு ஆளுக்குச் சோறு வைப்பாள். டிவியில் அந்த இரண்டாவது படத்தைப் போட்டால் சத்தத்தைக் குறைத்துவிடுவாள். "ஒன் படம் எப்ப வரும்?" என்று தெருவில் கேட்பதும் நாளடைவில் நின்றுபோனது.

2024 மே மாதம், அக்காவோடு பேசு என்ற அம்மாவின் தொல்லை தாங்காமல் ஷஹனாஸ் போன் செய்தாள். மூன்று வருடத்தில் அதுதான் முதல் போன்.

"படம் வராட்டி போவுது. ஒன் சீனை மட்டும் வாங்கியா. பாக்குறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே ரூமானா ஆலைக்குப் போனாள். பக்கிரி தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"எடுத்ததெல்லாம் மெட்ராஸ்ல, எடிட்டிங் பண்ண எடத்துல கெடக்கு யம்மா. கேட்டு எழுதுறேன். நீ அலைய வேணாம்."

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஷஹனாஸிடமிருந்து போன் வந்தது. "வந்துச்சா ராத்தா?" என்று தொடங்குவாள். இல்லை என்றதும் வைத்துவிட மாட்டாள். மகனுக்குப் பல் முளைத்தது, உம்மாவுக்குச் சர்க்கரை ஜாஸ்தியானது, மாமியார் சண்டை என்று பேச்சு நீளும். ரூமானா அதைக் கேட்டுக்கொண்டே சோறு வடிப்பாள். அந்த வீட்டில் வாரத்துக்கு ஒருநாள் பேச்சுக்குரல் கேட்டது.

பக்கிரியின் மூன்றாவது கடிதம் நாலே வரிதான். எடிட்டிங் செய்த இடத்தைக் காலி செய்துவிட்டார்கள். படம் இருந்த டிஸ்க்கை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வேறு பிரதி கிடையாது. இனி இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, மன்னிக்கவும்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் போன் வந்தது.

"வந்துச்சா ராத்தா?"

"இன்னும் வரல" என்றாள் ரூமானா. "புள்ள என்னா பண்றான்?"

கடிதம் அவளுக்கு வந்து சேர்ந்தது அதற்கு இரண்டு நாள் முன்பு, 2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை.