ஹம்மிலிருந்து பேர்லின்: அக்காவின் அலுவலகத்தில் அம்மா பேசிய நாள்

சென்ற ஒக்டோபரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரிலிருந்து பேர்லினுக்குப் போய் வந்தேன். மூன்று நாள் பயணம். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. பேர்லினில் ஓர் அமைச்சில் அம்மாவுக்கு டெர்மின், அதாவது நேரம் குறித்த சந்திப்பு, இருந்தது. என் அக்கா கௌசி அங்கேதான் வேலை செய்கிறாள். இதே அழைப்புக் கடிதம் வேறு தமிழ்க் குடும்பங்களுக்கும் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். இதை வெளியில் போடுவதற்கு முன் அம்மாவுக்கும் அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை அம்மா எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

அக்காவின் பிரிவுக்கு நீளமான ஜெர்மன் பெயர். போர் முடிந்த நாடுகளில் அந்தப் போர் விட்டுப்போனவற்றை என்ன செய்வது என்பதற்கு அரசின் கொள்கையை எழுதுவது அவர்கள் வேலை. காணாமற்போனவர்களின் குடும்பங்கள், தொலைந்த பதிவுகள், நினைவிடங்கள் என்று எதற்கு உதவுவது, யாரைக் கேட்டு உதவுவது என்று அறிக்கை தயாரிப்பார்கள். இந்த முறை ஜெர்மனியில் வாழும் குடும்பங்களையே கூப்பிட்டுக் கேட்பது என்று முடிவெடுத்தார்கள். அந்த யோசனை அக்காவுடையது. கேள்விகளும் நடைமுறை விதிகளும்கூட அவள் எழுதியவை.

அவள்மேல் எனக்குப் பொறாமை. மறைத்து எழுதினால் மீதி எதுவும் விளங்காது. அக்கா பதின்மூன்று வயதில் ஓர் எழுத்து ஜெர்மன் தெரியாமல் வந்து, இன்று அமைச்சில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நடக்கிறாள். நான் ஐந்து வயதில் வந்தேன். இங்கேயே வளர்ந்தேன். பதினோராம் வகுப்பு நடுவில் பள்ளியை விட்டுவிட்டேன். எழுத்துச் சோதனைகளில் பிழையில்லை. ஆனால் இங்கே வகுப்பில் கை உயர்த்திப் பேசுவதற்குத்தான் பாதிப் புள்ளி. நான் கை உயர்த்துவதில்லை. இப்போது ஒரு பேக்கரியின் பின்பக்கத்தில் தட்டுக் கழுவி, காலையில் பாண் அடுக்குகிறேன். அக்கா தொலைபேசி எடுத்தால் அம்மாவின் குரலே மாறிவிடும். சிரித்துச் சிரித்துக் கதைப்பார். வீட்டில் இருக்கிற என்னோடு, “உடுப்புக் காய்ஞ்சதோ?” என்பதோடு சரி.

மாமாவின் விஷயமும் உண்டு. அம்மாவின் தம்பி 2009இல், போர் முடிகிற நேரத்தில் காணாமற்போனார். அப்போது மாமாவுக்கு இருபத்திரண்டு, அக்காவுக்குப் பத்து, எனக்கு ஒன்றரை. அப்பா அதற்கு முதலே ஜெர்மனிக்கு வந்துவிட்டார். நானும் அங்கே அம்மாவின் இடுப்பில் இருந்திருக்கிறேன், ஆனால் ஒன்றும் ஞாபகம் இல்லை. அக்காவுக்கு எல்லாம் ஞாபகம், ஆனால் சொல்ல மாட்டாள். அம்மாவைக் கேட்டால் “பேந்து சொல்லுறன்” என்பார். அமைச்சின் கடிதம் வந்தது. நாலாம் நாளே ‘பேசச் சம்மதம்’ என்று கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டார். நான் பதினெட்டு வயது வரை கேட்டும் கிடைக்காதது முத்திரை குத்திய கடிதத்துக்குக் கிடைத்தது.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அங்கை என்னை அக்கா எண்டு கூப்பிடாத. ஃபிரவ் சிவராசா எண்டு சொல்லு.” ‘ஃபிரவ்’ என்பது ஜெர்மனில் ‘திருமதி’ மாதிரி.

“ஏன்?”

“ஒரு விதி இருக்கு. பேந்து சொல்லுறன்.”

அம்மாவின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருப்பது அவருடைய அப்பாவின் பெயர். எங்களுக்கு எங்கள் அப்பாவின் பெயர். அதனால் பட்டியலைப் பார்த்த மேலதிகாரிக்கு அது கௌசியின் தாய் என்று தெரியவில்லை. கௌசியும் சொல்லவில்லை.

பயணத்துக்கு வருகிறேன். விரைவு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் எங்கள் இருவரிடமும் மாதம் 58 யூரோ டொய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தது. அதில் பிராந்திய ரயில்களில் மட்டும்தான் போகலாம். காலை 7.40க்கு ஹம். பீலஃபெல்ட், பிரவுன்ஷ்வைக், மக்டபுர்க் என்று மூன்று இடத்தில் மாற வேண்டும். சுமார் 400 கிலோமீற்றர். பிரவுன்ஷ்வைக்கில் எங்கள் ரயில் பன்னிரண்டு நிமிடம் பிந்திப் போனதால் அடுத்தது கண் முன்னால் போய்விட்டது. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அங்கே நின்ற ரயில் ஊழியர், “பேர்லின் எங்கேயும் ஓடிப்போகாது” என்று சிரித்தார். அம்மா கட்டிக்கொண்டு வந்த பாணும் சம்பலும் அங்கே தீர்ந்தன.

ரயிலில் அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

“என்னம்மா?”

“ஒண்டுமில்லை. தேவாரம்.”

தேவாரம் இல்லை என்று எனக்குத் தெரியும். நாளைக்கு அக்காவிடம் சொல்லப்போவதை எனக்கு மறைத்துப் பழகிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். வெளியே காற்றாலைகள் சுற்றுவதை எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

பின்னேரம் 3.35க்கு அலெக்சாண்டர்பிளாட்ஸ். அங்கேயே இறங்குவது நல்லது, பிரதான நிலையத்தில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டாம். U8 சுரங்க ரயில் எடுத்தால் ஹெர்மன்பிளாட்ஸ் பத்து நிமிடம். அக்காவின் வீடு நொய்கெல்னில், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் வழியில் இரண்டு முறை நிற்க வேண்டும். அம்மா நிற்கவில்லை. மகளைப் பார்க்கிற அவசரம்.

அடுத்த நாள் டெர்மின் 10.30க்கு. U7இல் மேரிங்டாம், பிறகு U6இல் ஸ்டட்மிட்ட. நடையோடு முப்பத்தைந்து நிமிடம் வையுங்கள். அக்கா முதலே போய்விட்டாள். வாசலுக்கு வந்து எங்களைத் தெரியாதவள் மாதிரிக் கை குலுக்கினாள்.

அம்மாவின் பெயரைத்தான் அவள் பதிந்திருந்தாள். என்னை ‘கூட வருபவர் ஒருவர்’ என்று மட்டும். வாசலில் என் அடையாள அட்டையையும் வாங்குவார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் குடும்பப் பெயரை ஆரும் பாவிப்பதில்லை, அதனால் எனக்கும் அவளுக்கும் ஒரே பெயர் என்பதே மறந்துபோயிருக்கும். காவலாளி அட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“சிவராசா. உங்கள் பெயர்தானே? சொந்தமா?”

அக்கா சிரித்தாள். “இலங்கையில் அது இங்கே மியுல்லர் என்ற பெயர் மாதிரி. எங்கே பார்த்தாலும் இருக்கும்.”

ஜெர்மனில் வேகமாகச் சொன்னதால் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. எனக்கு விளங்கியது. பாதுகாப்பு வாயிலுக்காக இடுப்புப் பட்டியைக் கழற்றித் தட்டில் போட்டேன்.

அறை சின்னது. தண்ணீர், பிஸ்கட், கண் துடைக்கும் தாள் எல்லாம் வைத்திருந்தார்கள். மேலதிகாரி ஃபிரவ் ஹென்னிங், ஐம்பது வயது இருக்கும், மெல்லிய குரல். ஹம்பேர்க்கிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் அண்ணை ஒருவர். குறிப்பெடுக்க அக்கா. முதலில் விதிகளை வாசித்தார்கள். விரும்பாத கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. அறையில் சொன்னதைப் பேசியவரின் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. பிறகு மேசையில் இருக்கிற ஒவ்வொருவரும் தன் பெயரையும், பேசுபவருக்கு என்ன உறவு என்பதையும் சொல்ல வேண்டும்.

அண்ணை, “உறவு இல்லை” என்றார். அக்கா, “சிவராசா, இந்த அறிக்கைக்குப் பொறுப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தாளைத் திருப்பினாள். என் முறை வந்தது. வகுப்பில் இந்த இடத்தில்தான் நான் தலையைக் குனிந்துவிடுவேன். அன்றைக்குக் குனியவில்லை.

“நான் இவருடைய மகள்” என்றேன். “இவரும் மகள்தான். என் அக்கா.”

வாய் தவறி வந்தது என்று எழுதலாம். இல்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஃபிரவ் ஹென்னிங் கோப்பை மூடினார். “ஃபிரவ் சிவராசா, விதியை எழுதியதே நீங்கள்” என்றார். பேசுபவரின் உறவினர் அறையிலும் இருக்கக் கூடாது, குறிப்பையும் பார்க்கக் கூடாது. குடும்பத்துக்குள் ஆள் பார்த்துப் பேசுவார்கள் என்பதால். அம்மா தேர்ந்தெடுத்த துணையாள் மட்டும் இருக்கலாம். அது நான். அக்கா பேனையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். கதவு சாத்தும்போதுதான் அக்கா வெளியே போவது அம்மாவுக்கு விளங்கியது.

“ஏன் பிள்ளை போறாள்?”

அண்ணை விளக்கினார். அம்மா அழுவார், இல்லை என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

“அதுவும் நல்லதுக்குத்தான். அவள் இருந்தா நான் இதைச் சொல்லியிருக்க மாட்டன்.”

பிறகு சொன்னார். போர்ப் பகுதியிலிருந்து இராணுவத்தின் பக்கம் கடக்கும் இடத்தில் பெண்சாதி பிள்ளைகளோடு வருகிற ஆண்களை விடுகிறார்கள் என்று சனம் கதைத்ததாம். அதனால் அக்காவுக்கு, “ஆரும் கேட்டா மாமாவை அப்பா எண்டு சொல்லு” என்று சொல்லிக் கூட்டிப்போயிருக்கிறார். சோதிக்கும் இடத்தில் ஒருவர் குனிந்து அக்காவிடம் கேட்டார். அக்கா “மாமா” என்றாள். மாமாவை வேறு வரிசைக்கு விட்டார்கள். பிறகு காணவில்லை.

“அண்டையிலயிருந்து அவள் தன்னாலதான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியும். ஆனா அது அவளால இல்லை. முதல் நாள் இரவே தம்பி ஆமியிட்டைப் போய்ப் பேரைப் பதிஞ்சிட்டு வந்திட்டான். நான்தான் போகச் சொன்னனான். ரெண்டு பிள்ளையளோட உன்னையும் இழுக்க எனக்கு ஏலாது, போய்ப் பதி, விடுவினம் எண்டு. விடியத்தான் மனம் கேக்காமல் அப்பா எண்டு சொல்ல வைச்சனான். அதுக்குள்ள அவன்ரை பேர் அவையளிட்டை போட்டுது. இவள் என்ன சொல்லியிருந்தாலும் கூப்பிட்டிருப்பினம்.”

அண்ணை அதை வசனம் வசனமாக ஜெர்மனில் சொன்னார். ஃபிரவ் ஹென்னிங் மகளுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பட்டியலில் இல்லாத கேள்வி.

“சொன்னா என்னை வெறுப்பாள். அவள் நினைச்சிருக்கிறதே எனக்குச் சுகமாயிருந்தது” என்றார் அம்மா.

ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அம்மாவை அண்ணை தேநீருக்குக் கூட்டிப்போனார். அக்கா நடைபாதை வாங்கில் இருந்தாள்.

“பொறாமை பிடிச்சவளே. என்ரை மூண்டு மாச வேலையடி. இலங்கைப் பகுதியை இனி வேற ஆளுக்குக் குடுத்திடுவினம்.”

“ஓம்.”

“என்ன ஓம்?”

“பொறாமைதான்.”

அவள் பிறகு ஏசவில்லை. குரல் இறங்கிப்போயிற்று. “அம்மா என்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ?”

உறவை மறைத்து அந்த அறையில் அவள் இருக்க நினைத்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. அறிக்கைக்காக இல்லை. ஒரு வசனம் சொன்னால் போதும். நான் சொன்னது வேறு.

“எனக்குச் சொல்ல ஏலாது. நீ எழுதின விதிதானே.”

அக்காவிடம் இல்லாத ஒன்று முதல் தடவையாக என்னிடம் இருந்தது. திரும்பும் ரயிலில் மேரிங்டாம் வரை அது இனித்தது. அதற்குப் பிறகு எதிரே இருந்த அக்காவைப் பார்த்தேன். அட்டையைக் கழற்றாமலே வந்திருந்தாள். பத்து வயதில் ஒரு சொல் சொல்லிவிட்டு, அதை இன்னும் மென்றுகொண்டிருக்கிற முகம். அன்று காலையில் நான் சொன்னதும் அப்படி ஒரு சொல்தான். ஆனால் அவள் சின்னப் பிள்ளை, வேண்டுமென்று சொல்லவில்லை.

ஹெர்மன்பிளாட்ஸில் அக்கா முன்னால் ஏறிப் போனாள். ரயில் மேடையிலேயே அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“அம்மா, நீங்கள் அக்காட்டைச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்.”

“வாயில்லாப் பூச்சி எண்டெல்லோ உன்னை நினைச்சிருந்தன்.” அம்மா என்னை முழுசாகப் பார்த்தார். “அவள் பிறகு என்னோடை கதைக்காமல் விட்டிட்டா?”

“விட்டா நான் இருக்கிறன்தானே.”

ஆறுதலாகத்தான் சொன்னேன். உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசையும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மா, “நீ கடைக்குப் போட்டு வா, கறிவேப்பிலை இல்லை” என்றார். கறிவேப்பிலை இருந்தது. போனேன். தமிழ்க் கடை ஐந்து நிமிட நடை, ஒரு கட்டு 1.50 யூரோ. திரும்பி வந்து கதவுக்கு வெளியே படியில் ஐம்பது நிமிடம் இருந்தேன். முதலில் அக்காவின் சத்தம், கத்தல். ஒரு கதிரை விழுந்தது. பிறகு அம்மாவின் குரல் மட்டும். நான் உள்ளே போனபோது அக்கா நிலத்தில் அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அம்மா அவளுடைய முடியைக் கோதிக்கொண்டிருந்தார். சமையலறை சின்னது. மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. நான் போய்ச் சோறு போட்டேன்.

உங்களுக்குச் சில விஷயங்கள். டெர்மினுக்கு முதல் நாளே பேர்லினுக்குப் போய்விடுங்கள். துணைக்குப் போகிறவரும் அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும். பயணச் செலவைத் தருவார்கள், டிக்கெட்டை எறியாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள், பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அந்த அலுவலகத்தில் சொந்தக்காரர் யாரும் இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. வேலை போகவில்லை. இலங்கைப் பகுதியை இப்போது வேறொருவர் எழுதுகிறார். முக்கியமாக, பேசப் போகிறவர் வீட்டில் இதுவரை சொல்லாத ஒன்றை அங்கே சொல்லக்கூடும். போகமுதல் ஒரு நாள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

திரும்பும்போது அக்காவும் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களோடு ஹம்முக்கு வந்தாள். மக்டபுர்க்கில் ஏறிய ரயிலில் அவர்கள் இருவரும் ஒரு பக்கம், நான் எதிரில், ரயில் போகும் திசைக்கு முதுகு காட்டி. அம்மா அக்காவின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். பிரவுன்ஷ்வைக் வரை அக்கா அசையவில்லை. கை விறைத்திருக்கும். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. மாறி இருப்போமா என்று நான் கேட்கவில்லை.