காலி நாற்காலிக்கு இர்மா போட்ட ஓட்டு

அந்த இலையுதிர்காலத்தில் இர்மா வென்சூலின் பஞ்சர் கடைக்கு டயரைக் கொண்டுவந்தவர்களைவிட யோசனை சொல்ல வந்தவர்களே அதிகம். மாகாணத்தின் நீதிபதித் தேர்வுக் குழுவில் வக்கீல்களோடும் நீதிபதிகளோடும் சட்டம் படிக்காத ஜனங்களும் சிலர் உண்டு. மலையடிவாரத்து ஊர்களில் தேர்தலில் நின்று ஜெயித்து அதில் இடம் பிடித்தவள் இர்மா. இப்போது அவளுடைய சொந்த ஊர் கோர்ட்டுக்கே நீதிபதி வேண்டியிருந்தது.

பழைய நீதிபதி ஓய்வுபெற்று இரண்டு குளிர்காலம் ஓடிவிட்டது. பொறுப்பு நீதிபதி தூரத்து நகரத்திலிருந்து வரவேண்டும். பனி கொட்டினால் பாதை அடைபடும், வாய்தா தள்ளிப்போகும். செத்துப்போன தங்கையின் பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஓர் உத்தரவு கேட்டு, அடுத்த வீட்டு தெலியா நடையாய் நடந்துகொண்டிருந்தாள்.

விண்ணப்பித்த மூன்று பேரில் நோரா பியூவும் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று இர்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முன்பு ஒரு பண்ணை முதலாளிக்காக வாதாடி, இர்மாவின் அண்ணன் செகுந்தோவை ஆடுகளோடு நிலத்தைவிட்டு வெளியேற்றிய வக்கீல் அவள்.

"அவளுக்குக் கை தூக்கினே, அப்புறம் என் வாசப்படி மிதிக்காதே" என்றான் செகுந்தோ. வந்தவர்களோடு பகிர்ந்து குடிக்கும் மாத்தே தேநீர்க் குவளையைக்கூட அவளிடம் நீட்டவில்லை.

நேர்காணல் ஊர் கிளப்பின் கூடைப்பந்து அரங்கில், எல்லோர் முன்னிலையிலும் நடந்தது. எழுத்துத் தேர்வில் மற்ற இருவரும் நோராவும் ஏறக்குறைய சமம். நோராவின் முறை வந்ததும் இர்மா எழுந்தாள்.

"இவங்க என் அண்ணனை நிலத்தைவிட்டு அனுப்பினவங்க. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கு. நான் விலகணும்னா விலகிக்கிறேன்."

குழுத் தலைவர் நோராவைப் பார்த்தார். "எனக்கு ஆட்சேபணை இல்லை. அவங்க கேட்க வேண்டியதைக் கேட்கட்டும்" என்றாள் நோரா. குழுவும் ஒப்புக்கொண்டது.

"வக்கீலம்மா, அந்த வழக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. உங்க அண்ணன் வக்கீல் இல்லாம தனியா வந்தார். நான் என் கட்சிக்காரருக்காக வாதாடினேன். அது என் வேலை, இன்னிக்கும் அப்படித்தான் செய்வேன். 'நிறுத்துங்க, இவருக்கு முதல்ல ஒரு வக்கீல் வேணும்'னு மேலே உட்கார்ந்திருந்தவர் சொல்லியிருக்கணும். சொல்லலை. நான் அங்கே உட்கார்ந்தா சொல்லுவேன்."

மன்னிப்புக் கேட்பாள், அல்லது மழுப்புவாள் என்று நினைத்திருந்த இர்மா, எழுதி வைத்திருந்த கேள்வித்தாளை மடித்துவிட்டு உட்கார்ந்தாள். மற்ற இருவரும் இனிக்க இனிக்கப் பேசினார்கள். பிடிக்காததை முகத்துக்கு நேரே சொன்னவள் நோரா ஒருத்திதான். ஓட்டெடுப்பில் நோராவுக்காக இர்மாவின் கையும் மேலே போனது. போன பிறகுதான், கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்தபடி அண்ணன் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்.

வெளியே அவளுடைய வண்டியில் சாய்ந்தபடி செகுந்தோ நின்றிருந்தான்.

"அண்ணே, திட்டணும்னா இங்கேயே திட்டிடு."

"தனியா நின்னேன்னு சொன்னா பாத்தியா? இத்தனை வருஷத்துல ஊர் முன்னாடி அதை ஒருத்தரும் சொன்னதில்லை. நீகூட."

இர்மாவுக்கு அழுகை முட்டியது.

"அதுக்காக அவளை எனக்குப் பிடிச்சுப்போச்சுன்னு நினைச்சுக்காதே" என்றான். "ஏறு, குளிருது. வீட்டுல ஆட்டுத்தொடை அடுப்புல கிடக்கு, கருகிடப்போகுது."

குழுவின் தேர்வுக்கு மாகாணச் சட்டமன்றமும் சம்மதித்து, குளிர் முற்றுவதற்குள் நோரா பதவியேற்றாள். தெலியாவின் வழக்கு முதல் வாரத்திலேயே விசாரணைக்கு வந்தது. பிள்ளைகள் அவளிடமே இருக்கட்டும் என்று உத்தரவும் ஆனது. செய்தி வந்த மத்தியானம் இர்மா கடைக் கதவை இழுத்துச் சாத்தினாள். நாலு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிப்போனதுபோல, பொழுது சாயும்வரை அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.